பாட்டு மேல் தப்பில்லை, மிக்ஸிங் மேல்தான்

ஒயாசிஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ரசிகர்களிடம் 'பி ஹியர் நவ்' என்று ஆரம்பித்தாலே மூஞ்சி சுளிப்பார்கள். 1997 ஆகஸ்ட்டில் வந்த அந்த மூன்றாவது ஆல்பத்தோடு பிரிட்பாப் (தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் கிடார் பாட்டு அலை) செத்துப் போனது, தலைக்கனம் பிடித்தவர்களின் வேலை அது என்று இத்தனை வருஷமாக ஒரே பல்லவி. குழுவின் கிடார் வாசிப்பாளர், பாட்டுகளை எழுதியவர், நோயல் கேலகரே அதைத் திட்டுகிறார். 2006-ல் வந்த 'ஸ்டாப் த கிளாக்ஸ்' தொகுப்பில் இதிலிருந்து ஒரு பாட்டைக்கூடச் சேர்க்கவில்லை. பெற்றவனே பிள்ளையைத் தள்ளி வைத்தால் ஊர் சும்மா இருக்குமா?

எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பாட்டுகள் நல்ல பாட்டுகள்தான். அவற்றைக் கெடுத்தது மிக்ஸிங், அதாவது பதிவான குரலையும் வாத்தியங்களையும் கலந்து சேர்த்த விதம்.

சந்தேகமிருந்தால் மஸ்டீக் டெமோக்களை, அதாவது ஆல்பத்துக்கு முந்தைய மாதிரிப் பதிவுகளை, கேளுங்கள். 1996-ல் நோயலும் தயாரிப்பாளர் ஓவன் மாரிஸும் அந்தக் கரீபியன் தீவில் உட்கார்ந்து பதிவு செய்தவை, 2016 மறுவெளியீட்டில் வந்தன. டிரம் மெஷின், கிடார், நோயலின் குரல், பெரும்பாலும் அவ்வளவுதான். 'ஸ்டாண்ட் பை மீ' அதில் எவ்வளவு லேசாக நடக்கிறது! அதே பாட்டு லண்டன் ஆபி ரோடு, அப்புறம் பத்திரிகைக்காரர்கள் தொல்லை தாங்காமல் ஓடிப்போன ரிட்ஜ் ஃபார்ம் என்று ஸ்டுடியோக்களைச் சுற்றிவிட்டு வரும்போது மேலே கிடார், அதற்கு மேலே இன்னொரு கிடார் என்று மூச்சு முட்டுகிறது. 'மை பிக் மவுத்'தில் மட்டும் சுமார் முப்பது கிடார் டிராக் என்கிறார்கள். நோயலின் தம்பி, குழுவின் பாடகர் லியாம் அந்த வயதில் தொண்டை கிழியப் பாடுகிறவர், அவர் குரலே அந்தச் சுவரைத் தாண்டி வரத் திணறுகிறது. பேஸ் கிடார் இருக்கிறதா என்று ஹெட்ஃபோனில் தேட வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் நெப்வொர்த் திறந்தவெளிக் கச்சேரியில் இரண்டே நாளில் இரண்டரை லட்சம் பேரைக் கூட்டிய நோயலிடம் போய் "போதும், நிறுத்து" என்று யார் சொல்வது? இசை கம்பெனியும் சொல்லவில்லை, மாரிஸும் சொல்லவில்லை. விளைவு, 71 நிமிஷம். 'டு யூ நோ வாட் ஐ மீன்?'இல் விமானச் சத்தம், மோர்ஸ் தந்தி எல்லாம் முடிந்து லியாம் வாயைத் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். 'ஆல் அரவுண்ட் த வேர்ல்ட்' ஒன்பது நிமிஷத்துக்கு மேல், அது போதாதென்று கடைசியில் மறுபடி ஒரு தடவை வாத்தியத்தில் வேறு. (அந்த நீளத்தோடும் அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

விமர்சகர்கள் இன்னொரு வேடிக்கை. வெளியான வாரம் ஆஹா ஓஹோ என்று எழுதினார்கள், முதல் நாளே நாலு லட்சத்துக்கு மேல் விற்றது. கொஞ்ச நாளில் அதே ஆட்கள் பிளேட்டைத் திருப்பிப் போட்டார்கள். ஆல்பம் ஒன்றும் மாறவில்லையே!

'டோன்ட் கோ அவே'யை மட்டுமாவது விட்டுவைத்திருக்கலாம். வயலின்கள் அடக்கமாக நிற்க, லியாம் குரல் நேராக வந்து தைக்கும். அதைத் தனிப் பாட்டாக (சிங்கிள்) ஜப்பானில் மட்டும் விற்றார்கள், என்ன கணக்கோ.

பிரிந்திருந்த குழு மறுபடி சேர்ந்து 2025-ல் நடத்திய கச்சேரிகளில் இந்த ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டை வாசித்தார்கள், ஸ்டேடியமே சேர்ந்து பாடியது. குப்பைக்கு அப்படி யாரும் பாட மாட்டார்கள். 2016-ல் நோயல் முழு ஆல்பத்தையும் திருத்தி மிக்ஸ் செய்ய உட்கார்ந்து, முதல் பாட்டோடு எழுந்துவிட்டார். மீதிப் பதினொன்றையும் முடித்துவிட்டு அப்புறம் திட்டட்டும்.