டிபிஏ வேலை ஒழிந்துவிட்டதா?

"தானியங்கி டேட்டாபேஸ் வந்தாச்சு, இனி டிபிஏ (டேட்டாபேஸை நிர்வகிப்பவர்) வேலையே கிடையாது, டெவலப்பர் கோர்ஸில் சேருங்கள்" என்று ஒரு செய்தி சென்னை ஐடி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

ஆரக்கிள் நிறுவனம் அப்படியொன்றை அறிவித்தது 2017-இல். அமேசானின் ஆர்டிஎஸ் என்ற கிளவுட் டேட்டாபேஸ் சேவை 2009-லேயே வந்தாயிற்று. பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடுவது, பேக்கப் எடுப்பது போன்றவற்றை இவை பார்த்துக்கொள்ளும் என்பது உண்மைதான். அதை மட்டுமே தெரிந்தவருக்குச் சிக்கல்தான். ஆனால் ஆர்டிஎஸ் தானாக எடுக்கும் பேக்கப் அதிகபட்சம் 35 நாள்தான் இருக்கும். அதற்கும் பழைய டேட்டா வேண்டுமென்றால் முன்கூட்டியே யோசித்து வைக்க ஆள் வேண்டும். மெதுவாக ஓடும் குவெரிக்கு (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கு) எந்த இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை), யாருக்கு எந்த அனுமதி என்பதும் அப்படித்தான்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற கோடு சேமிப்புத் தளத்தில் ஓர் எஞ்சினியர் முதன்மை டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்தார். சரி, பேக்கப்? அங்கிருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 9.6 பதிப்புக்கு, பழைய 9.2 பதிப்பின் பிஜி டம்ப் என்ற பேக்கப் கருவி ஓடித் தோற்றுக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) காப்பாற்றியது.

ஓஎம்ஆரில் உள்ள ஐடி கம்பெனியில் டெவலப்பராகச் சேர்ந்தாலும் எக்ஸ்பிளெயின் பிளான் (குவெரியை எப்படி ஓட்டப்போகிறது என்று டேட்டாபேஸ் காட்டும் விவரம்) படிக்கத் தெரிய வேண்டும். டிபிஏ ஆனால் பைத்தானும் கிளவுடும் சேர்த்துப் படியுங்கள். நடுராத்திரி போன் வரும் என்கிறார்களே, அது மட்டும் நிஜம்.