சந்தேகப் பட்டியலில் பெயர் இருந்தாலே துப்பாக்கிக்குத் தடையா?

2016 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் பல்ஸ் இரவு விடுதியில் 49 பேரைச் சுட்டுக் கொன்றவனை, அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஏற்கெனவே விசாரித்திருந்தது. வழக்குப் போட ஆதாரமில்லை என்று கோப்பை மூடினார்கள். பயங்கரவாதச் சந்தேக நபர்களின் கண்காணிப்புப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். அப்புறம், சம்பவத்துக்குச் சில நாள் முன்பு, சட்டப்படியே கடையில் துப்பாக்கி வாங்கினான்.

எஃப்பிஐ விசாரித்த ஆளுக்கு எப்படி விற்றார்கள் என்று கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அங்கே தண்டனை பெற்றவர், குற்றச்சாட்டு பதிவானவர் போன்றவர்களுக்குத்தான் தடை. வெறும் சந்தேகம் போதாது. பட்டியலில் இருந்தவர்கள் 2004 முதல் 2015 வரை துப்பாக்கியோ வெடிபொருளோ வாங்கப் போனபோது நடந்த 2,477 பின்னணிச் சோதனைகளில் 2,265 தடையின்றித் தேறின.

இருந்தும், பட்டியலில் பெயர் வந்தாலே தடை என்பதை நான் ஏற்க மாட்டேன். அந்தப் பட்டியலின் லட்சணம் அப்படி. எஃப்பிஐ அதிகாரி ஒருவர் படிவத்தில் தவறாகக் குறியிட்டதால் பட்டியலில் பெயர் ஏறி, மலேசிய மாணவி ஒருவர் 2005இல் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். அது வெறும் படிவப் பிழை என்று நிரூபிக்க 2014 வரை வழக்காட வேண்டியிருந்தது. செனட்டர் எட்வர்ட் கென்னடியையே பெயர்க் குழப்பத்தால் விமான நிலையங்களில் நிறுத்தினார்கள். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் லூயிஸும் அப்படி மாட்டியவர்தான். வேடிக்கை என்னவென்றால், 2016இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகச் சபைத் தரையில் உட்கார்ந்து போராடியவர்களுக்கு அவரே தலைவர்!

அந்த ஜூனில் செனட்டில், சந்தேகத்துக்குரியவர்களுக்கு விற்பனையைத் தடுக்க செனட்டர் ஃபைன்ஸ்டைன் கொண்டுவந்த திருத்தம் 47-53 என்று தோற்றது. செனட்டர் கார்னினின் திருத்தத்துக்கு 53 வாக்குகள் கிடைத்தும் தேவையான 60 வரவில்லை. விற்பனையைத் தடுக்க அரசு நீதிபதியிடம் போக வேண்டும் என்றது அது. நல்ல யோசனை, ஆனால் மூன்றே நாளில் நிரூபிக்கச் சொன்னால் எந்த வழக்கறிஞரால் முடியும்? அவகாசத்தைக் கூட்டியிருந்தால் நான் அதன் பக்கம்தான்.

என்னைக் கேட்டால், செனட்டர் சூசன் காலின்ஸின் திருத்தத்தில் இருந்த ஒரு சின்ன அம்சத்தையாவது தனியாக நிறைவேற்றியிருக்கலாம். கடந்த ஐந்தாண்டுகளில் பட்டியலில் இருந்த ஒருவர் துப்பாக்கி வாங்கினால் எஃப்பிஐக்குத் தகவல் போகும், அவ்வளவே. இதனால் யார் உரிமையும் பறிபோகாது. ஆர்லாண்டோக்காரன் வாங்கியதும் யாராவது பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள். தடுத்திருப்பார்களா, அது வேறு விஷயம். தடைக்கு எதிராக உரிமை பேசுகிறவர்கள் இந்தத் தகவலைக்கூட ஏன் எதிர்க்க வேண்டும் என்பதற்கு எனக்கு இன்னும் ஒரு ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை.