பைரைட் அம்மோனைட்டுக்கு வார்னிஷ் மட்டும் போதாது
இங்கிலாந்தின் சார்மத் கடற்கரையில் பொறுக்கிய பைரைட் அம்மோனைட்டுக்கு (அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரியின் புதைபடிவம்; பைரைட் என்பது இரும்பு சல்பைடு கனிமம்) வார்னிஷ் பூசினால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. போதவே போதாது. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆக்சிஜன் குறைந்த கடலடிச் சேற்றில் பாக்டீரியா உண்டாக்கிய சல்பைடு இரும்போடு சேர்ந்து ஓட்டின் அறைகளை நிரப்பியதுதான் இந்தப் பைரைட். ஈரக்காற்று பட்டால் இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறும். வெளிறிய தூள், கந்தக நெடி, பிறகு விரிசல். எனவே நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை நீக்கி, முழுக்க உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஈரத்தோடு வார்னிஷ் பூசினால் சிதைவு உள்ளேயே தொடரும். தூள் தோன்றிய அம்மோனைட்டை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். அமிலம் பெயர்ச்சீட்டைக்கூட அரித்துவிடும். தேடப் போகும்போது கடற்கரையின் செங்குத்துச் சரிவைத் தோண்டாதீர்கள், சரிந்து விழும். குளிர்காலப் புயலுக்குப் பின், கடல் வற்றும் நேரத்தில் கூழாங்கற்களிடையே தேடினாலே கிடைக்கும்.