எட்டாவது இடத்தில் கேட்ட கூச்சல்
கணித அறிஞர் சார்லட் ஆங்கஸ் ஸ்காட்டைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவர் 1880-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் எட்டாவது இடத்துக்குரிய மதிப்பெண் வாங்கியதைக் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கதையே அங்கேதானே இருக்கிறது! பெண் என்பதால் அவருக்குப் பட்டமும் கிடையாது, முறையான பட்டியலில் பெயரும் கிடையாது. முடிவுகளை வாசித்துக்கொண்டே வந்து எட்டாவது இடத்தைத் தொட்டதும், கூடியிருந்த மாணவர்கள் "கிர்டனின் ஸ்காட்!" என்று தொப்பியை ஆட்டிக்கொண்டு கத்தினார்கள் (கிர்டன், அவர் படித்த பெண்கள் கல்லூரி). அந்தச் சத்தத்தில், உண்மையில் வாசிக்கப்பட்ட ஆணின் பெயர் அமுங்கியே போனது. அவர் பாவம், என்ன செய்வார்!

கேம்பிரிட்ஜ் தராத பட்டத்தை லண்டன் பல்கலைக்கழகம் தந்தது: 1882-இல் இளங்கலை, 1885-இல் டாக்டர். அதே ஆண்டு அமெரிக்காவில் புதிதாகத் திறந்த பிரின் மார் பெண்கள் கல்லூரிக்குப் போய்க் கணிதத் துறையைக் கட்டியெழுப்பினார். காது கேட்பது மோசமாகிக்கொண்டே வந்தும் சுமார் 40 ஆண்டுகள் அங்கேயே பாடம் நடத்தியிருக்கிறார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-இல். ஸ்காட் 1931-லேயே காலமாகிவிட்டார். இதைக் 'காலம் கடந்த அங்கீகாரம்' என்று கட்டுரை சொல்வது ரொம்பத் தாராளம். அவருக்கு எங்கே கிடைத்தது?

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று. 1899-இல் ஸ்காட் வடிவியல் வழியில் நிரூபித்துக் காட்டியது ஜெர்மன் கணித அறிஞர் மாக்ஸ் நோதரின் தேற்றத்தை. மாக்ஸ் நோதரின் மகளும் கணித அறிஞருமான எமி நோதர், ஹிட்லர் ஆட்சியில் வேலை பறிபோய், 1933-இல் வந்து சேர்ந்த இடமும் இதே பிரின் மார் கல்லூரிதான்.