நிலாவெளி அக்காவின் சீ.ஆர். கொப்பியும் எங்கள் அனலிட்டிக்ஸும்

இந்தக் கிழமை மட்டும் மூன்று பேர் இன்பொக்ஸில் கேட்டுவிட்டார்கள்: "அண்ணா, எங்கட சைட்டுக்கு எந்த அனலிட்டிக்ஸ் போடலாம்?" தளத்துக்கு எத்தனை பேர், எங்கிருந்து வருகிறார்கள் என்று எண்ணிக் காட்டும் கருவியைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நாங்கள் திருகோணமலையில் நான்கு பேர். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துச் சிறிய தங்குமிடங்களுக்கும் புறாத்தீவுக்குப் படகு விடுபவர்களுக்கும் முன்பதிவு இணையத்தளம் செய்து கொடுத்துப் பராமரிக்கிறோம். எந்தக் கருவி என்று நாங்களும் ஒரு மாதம் மண்டையை உடைத்தோம். எதில் என்ன வசதி, மாதம் எத்தனை டொலர் என்று பெரிய அட்டவணை கூடப் போட்டோம். அதை வைத்து ஒரு முடிவும் வரவில்லை.

முடிவு வந்தது நிலாவெளியில், ஒரு அக்காவின் குசினி வாசலில். நான்கு அறை வைத்து நடத்துகிறார். லப்டொப்பைத் திறந்து, போன மாதம் உங்கள் பக்கத்தை இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டினேன். பார்த்துவிட்டுக் கேட்டார்: "பார்த்தது சரி தம்பி. அதில எத்தனை பேர் எனக்கு மெசேஜ் போட்டவங்க?" என்னிடம் பதில் இல்லை. அவர் உள்ளே போய் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து வந்தார். திகதி, பெயர், நாடு, எத்தனை இரவு, கடைசி நிரலில் "எப்படித் தெரியும்" என்று நீல பேனாவால் கோடு போட்டு எழுதியிருந்தார். வருகிற ஒவ்வொருவரிடமும் தேநீர் கொடுக்கும்போது கேட்டு எழுதியது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே விஷயம்தான்: போன வருடம் வந்தவர் தன் சிநேகிதருக்கு வட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பியிருக்கிறார். எங்கள் டாஷ்போர்டில் அவர்கள் எல்லோரும் "டைரக்ட்" என்ற ஒரே பெட்டிக்குள் கிடந்தார்கள். வட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தொட்டு வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பெரும்பாலும் கூட வருவதில்லை. அதனால் எந்தக் கருவியும் அவரை நேரே முகவரி அடித்து வந்தவராகத்தான் எண்ணும். பகிர்வதற்கென்று யூடிஎம் குறியோடு (எங்கிருந்து வந்தது என்று லிங்கின் கடைசியில் நாமே சேர்க்கும் சில சொற்கள்) தனி லிங்க் செய்து கொடுத்தால்தான் பிரித்துப் பார்க்கலாம்.

அன்றைக்குத் திரும்பி வந்து அந்த அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று கேள்வி எழுதினோம். வட்ஸ்அப் பொத்தானையும் அழைப்புப் பொத்தானையும் எத்தனை பேர் தொடுகிறார்கள்? அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? போன சீசனோடு பார்த்தால் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? எதை வாங்கப் போகிறீர்கள் என்று யோசிப்பதற்கு முன் உங்கள் கேள்விகளை இப்படி எழுதச் சொல்லித்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். எழுதிப் பார்த்தால் பாதிக் கருவிகள் தானாகக் கழன்றுவிடும்.

மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர் அதிகம் ஏமாறுவது அதில்தான். நமக்குச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. வாடை தொடங்கினால் கடல் குழம்பிவிடும், படகு இறங்காது. ஆகவே இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடுவதில் நமக்கு ஒரு பயனும் இல்லை. இந்த மேயைப் போன மேயோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் போன வருடத் தரவு கருவியில் இருக்க வேண்டும். கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலை 1 உடன் தரவு சேர்ப்பதை நிறுத்தியது. இப்போது இருப்பது ஜிஏ4. இலவசம், வசதிகள் ஏராளம். ஆனால் அதில் தரவை வைத்திருக்கும் காலம் ஆரம்பத்தில் 2 மாதம் என்றுதான் இருக்கும். நாமே செட்டிங்ஸில் போய் மாற்றினால் இலவசக் கணக்கில் ஆகக் கூடியது 14 மாதம். வழக்கமான அறிக்கைகளில் பழைய மொத்தக் கணக்கு இருக்கும், அது வேறு. ஆனால் "ஜேர்மனியிலிருந்து வந்து வட்ஸ்அப்பைத் தொட்டவர்கள் முதலில் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள்" என்று எக்ஸ்ப்ளோரேஷன் பகுதியில் தோண்டிப் பார்க்கப் போனால் அந்த எல்லை வந்து மறிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். செப்டெம்பர் முடிவில் உட்கார்ந்து 14 மாதம் பின்னால் போனால் போன வருட ஜூலை முடிவுதான் வரும். போன வருட மேயும் ஜூனும் போய்விட்டன. பிக்குவெரி என்ற கூகுளின் தரவுக் கிடங்குக்குத் தரவை அனுப்பி வைக்கலாம், ஆனால் இணைத்த நாளிலிருந்துதான் சேரும், பழையது வராது.

இதனால்தான் நாங்கள் மட்டோமோவுக்குப் போனோம். 2007 இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி 2018 இல் பெயர் மாறிய திறந்த மூலக் கருவி அது. பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் (பல இணையத்தளங்கள் ஓடப் பாவிக்கும் மென்பொருட்கள்) ஓடும் சேர்வர் இருந்தால் நாமே நிறுவிக்கொள்ளலாம், தரவு நம்மிடமே இருக்கும், எவ்வளவு காலம் என்பதும் நம் கையில். அதற்கு ஒரு விலையும் உண்டு. அப்டேட் போட, பக்அப் எடுக்க, இடம் நிரம்பினால் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். எங்களில் அது நான். அப்படி ஓர் ஆள் இல்லாத குழு அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பிளோசிபிள் என்ற இன்னொரு அனலிட்டிக்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எனக்குப் பிடித்த கருவி. குக்கி (வருபவரை அடையாளம் காண அவர் பிரௌசரில் வைக்கும் சிறு கோப்பு) இல்லை, ஸ்கிரிப்ட் மிகச் சிறியது, ஒரே பக்கத்தில் எல்லாம் தெரியும், அக்காவுக்குக் கூட விளங்கும். ஆனால் அது ஆட்களை அன்றன்றைக்குத்தான் எண்ணுகிறது. திங்கள் பார்த்துவிட்டு வியாழன் திரும்பி வருபவர் அதற்கு இரண்டு ஆள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பல நாள் யோசித்துத்தான் அறை பிடிக்கிறார்கள் என்பதால் எங்களுக்கு அது இடித்தது. ஒரு பாடசாலைக்கோ செய்தித் தளத்துக்கோ என்றால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

மிக்ஸ்பனல், அம்ப்ளிட்யூட், போஸ்ட்ஹொக் போன்ற கருவிகள் முக்கியமாக ஆட்கள் லொகின் செய்து பாவிக்கும் செயலிகளுக்கானவை. தங்குமிடக்காரர்கள் அறை நாட்காட்டியைப் புதுப்பிக்க எங்களிடமும் ஒரு சிறிய செயலி இருக்கிறது. பாவிப்பவர்கள் முப்பது பேர் கூட இல்லை. யார் கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்பது எங்கள் தரவுத்தளத்திலேயே இருக்கிறது. வராதவருக்குப் ஃபோன் எடுத்துக் கேட்கிறோம். அதனால் அந்தக் கருவிகள் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அப்புறம், நேர வலயம். முதல் வருடம் நாங்கள் பாவித்த கருவியில் அதை யாரும் பார்க்கவில்லை, லொஸ் ஏஞ்சலிஸ் என்று கிடந்தது. சீசன் மாதங்களில் அங்கே நள்ளிரவு என்றால் இங்கே பகல் 12:30. நம் காலையில் வந்தவர்கள் முழுப்பேரும் முதல் நாள் கணக்கில் விழுந்தார்கள். படகுக்கார அண்ணன் ஒருவர் "ஞாயிறு காலையிலதான் நிறையப் பேர் கேக்கிறாங்க" என்று சொல்ல, நாங்கள் திரையைக் காட்டிச் சனிக்கிழமை என்று நின்றோம். அவர் சொன்னதுதான் சரி. பிறகு மாற்றினோம், ஆனால் பழைய நாட்கள் திருந்தவில்லை.

திரைப்பதிவுக் கருவிகள் விஷயத்தில் மட்டும் நான் கடுமையாகவே சொல்வேன். மைக்ரோசொஃப்டின் கிளாரிட்டி இலவசம், வந்தவர் எங்கே தொட்டார், எங்கே தடுமாறினார் என்று அப்படியே காட்டும். படிவப் பெட்டிகளில் எழுதுவதை அது இயல்பாகவே மறைத்துவிடும். ஆனால் உறுதிப்படுத்தும் பக்கத்தில் சாதாரண எழுத்தாக வரும் பெயரும் விலாசமும் மறைகின்றனவா என்று நீங்களே ஒரு போலி முன்பதிவு செய்து, அந்தப் பதிவை ஓட்டிப் பாருங்கள். தங்குமிடத் தளங்களில் கடவுச்சீட்டு இலக்கம் கேட்கிறோம். நம்மை நம்பித் தருகிறார்கள். நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நம் வீட்டு விருந்தாளியின் பையை நாம் திறந்து பார்ப்பதில்லை.

இப்போது திங்கட்கிழமை காலை நான்கு பேரும் அந்த மூன்று கேள்விக்கான எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறோம், கால் மணி நேர வேலை. செப்டெம்பரில் அக்காவின் கொப்பியை ஒரு நாள் வாங்கி, கடைசி நிரலை அந்தத் தாள்களோடு வைத்துப் பார்ப்பதாக இருக்கிறோம். இந்த முறை வட்ஸ்அப் லிங்குக்குத் தனிக் குறி போட்டிருக்கிறோம். எவ்வளவு பொருந்துகிறது என்று அப்போது இங்கேயே எழுதுகிறேன்.