விஷம் என்று சொன்னவரின் கவனத்துக்கு

நேற்றைய கலந்துரையாடலில் நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். புழுவைத் தானே கொல்லும்படி மரபணு மாற்றிய பி.டி. நெல்லைப் பற்றி நான் பேசி முடிப்பதற்குள் "விஷம் விற்க வந்திருக்கிறார்" என்றார் ஒருவர். அரங்கமே கைதட்டியது. இரவு முழுவதும் அந்தச் சத்தம் என்னைத் தூங்கவிடவில்லை.

விஷம் எதுவென்று எனக்குத் தெரியும். என் அப்பா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் தெளிப்பானைச் சுமந்து நெல்லுக்கு மருந்து அடித்தவர். ஒருநாள் மாலை வரப்பிலேயே வாந்தியெடுத்துச் சாய்ந்தார். வாயில் எச்சில் ஒழுகியது. கண்மணிகள் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தன. எல்லாம் ஒரு புழுவுக்காக! குருத்துப்பூச்சியின் புழு தண்டைத் துளைத்து உள்ளே போய்விட்டால், மேலே அடிக்கும் மருந்து அதை எட்டுவது அரிது. இளம்பயிரில் நடுக்குருத்து காயும். கதிர் வரும் நேரமென்றால் வெண்கதிர்தான். இழுத்தால் கையோடு வரும், ஒரு மணிகூட இருக்காது.

பி.டி. நெல்லில் தண்டைக் கடிக்கும் புழு கடித்த இடத்திலேயே சாகிறது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு, செடிக்குள் புழுவைக் கொல்லும் கிரை என்ற புரதத்தை உண்டாக்குகிறது. அது ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் புழுவின் குடலில் இருக்கின்றன, நம் குடலில் இல்லை. இதே பாக்டீரியாவை இயற்கை விவசாயிகளும் பல பத்தாண்டுகளாகத் தெளிக்கிறார்கள். அவர்களை யாரும் விஷம் விற்பவர்கள் என்று சொல்வதில்லை.

"தெளித்ததைக் கழுவலாம், செடிக்குள் இருப்பதை எப்படிக் கழுவுவது?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதற்காகத்தான் சோதனை வேண்டும் என்கிறேன். சோதனையே கூடாது என்பவரிடம் நான் என்ன பேசுவது?

நிறுவனத்தின் கைக்கூலி என்றும் சொன்னார்கள். 2009இல் சீனா உயிரிப் பாதுகாப்புச் சான்று வழங்கிய ஹுவாஹுய் 1, பி.டி. ஷான்யூ 63 ஆகிய இரண்டு நெல்லும் ஹுவாஜோங் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவானவை. சான்று கிடைத்தும் அவை வணிகச் சாகுபடிக்குப் போகவில்லை. இதில் எந்த நிறுவனம் எனக்குக் கூலி கொடுத்தது?

இதே வகையில் மரபணு மாற்றிய பி.டி. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் புரதத்தைத் தாங்கப் பழகிவிட்டது, உண்மைதான். காட்டு நெல்லுக்கு மரபணு பரவும் என்ற கவலையும் நியாயமானது. புகையானை இது தடுக்காது என்பதும் சரி. அது சாறு உறிஞ்சும் பூச்சி. ஆனால் அந்தப் புகையானைப் பெருக விடுவது யார்? இலைச்சுருட்டுப் புழுவுக்கென்று நாம் அடிக்கும் மருந்து, புகையானைத் தின்னும் சிலந்திகளையும் சேர்த்துக் கொல்கிறது. பிறகு புகையானுக்கு ஒரு மருந்து, அதன்மேல் இன்னொரு மருந்து. அந்த மருந்துகளை எதிர்த்து நேற்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

அப்பா அன்று பிழைத்துவிட்டார். மறுவாரமே மறுபடியும் தெளிப்பானைத் தூக்கினார், வேறு வழி இல்லாததால். நேற்று கைதட்டியவர்களில் அதை ஒருமுறையாவது முதுகில் சுமந்தவர் இருந்தால் எனக்கு எழுதுங்கள். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறேன்.