எதில் முன்னேறியது என்று சொல்லுங்கள்

பறவைகளின் பரிணாமத்தைக் காட்டுவதாகச் சொல்லிப் பரவும் அந்த ஏணிப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று புதைபடிவப் பறவைகளும் ஒரு கோழியும்: கீழ்ப்படியில் ஆர்க்கியாப்டெரிக்ஸ், அடுத்து இக்தியோர்னிஸ், அதற்கு மேல் கன்பூசியசோர்னிஸ், உச்சியில் கோழி. பல் இருந்தால் பின்தங்கியது, அலகு வந்தால் முன்னேறியது என்பதே கணக்கு. அது தவறு என்று படத்தின் கீழே நான்கு வரி எழுதினேன். 'எதிலும் குறை காண்பவர்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். இரண்டு நாளாக மனம் ஆறவில்லை.

ஒரு விலங்கை முழுசாக எடுத்து முன்னேறியது என்று சொல்ல முடியாது. எந்த உறுப்பில் என்று சொல்ல வேண்டும். சீனாவின் லியாவ்னிங்கில் கிடைத்த கன்பூசியசோர்னிஸின் காலம் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன். பல்லில்லாத அலகு, குட்டை வாலெலும்பு எல்லாம் உண்மைதான். ஆனால் சிறகு விரல்களில் பெரிய வளைந்த நகங்கள். கண்ணுக்குப் பின்னால் டைனோசர்களுக்கு இருந்த அதே எலும்புச் சட்டம். அமெரிக்காவின் கான்சாஸில் கிடைத்த இக்தியோர்னிஸ் அதற்கு 2 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டது. வாயில் பல் உண்டு, நெஞ்செலும்போ இன்றைய பறவையுடையது போலவே. இன்றைய பறவைகளுக்கு நெருங்கிய உறவும் அதுதான். கன்பூசியசோர்னிஸின் கிளை தனியாகப் பல்லை இழந்து, தனியாகவே அழிந்துபோனது.

ஞாயிறன்று கோழி கழுவிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, எல்லாவற்றிலும் கோழிதான் முதலிடமா?" படம் அவள் வகுப்பு வரை போயிருக்கிறது. நெஞ்செலும்பைச் சதையிலிருந்து பிரித்துக் கையில் கொடுத்தேன். படகின் அடிப்பக்கம் போல நடுவில் எழும்பி நிற்கும் முகட்டைத் தடவிப் பார்த்தாள். சிறகடிக்கும் தசை இதில்தான் பற்றியிருக்கும், இக்தியோர்னிஸுக்கும் இது இருந்தது என்றேன். "பல்லோடா?" என்றாள். பல்லோடுதான் என்றேன். ஒன்பது வயதுக் குழந்தைக்குப் புரிந்துவிட்டது.

ஆய்வாளர்களே 'முன்னேறியது' என்று பேசுகிறார்களே என்பீர்கள். பேசுகிறார்கள், ஒரு பண்பை மூதாதையின் பண்போடு ஒப்பிட்டு. ஆர்க்கியாப்டெரிக்ஸில் பழையதும் புதியதும் கலந்து கிடப்பதை 1954இலேயே பிரிட்டிஷ் உயிரியலாளர் கவின் டி பியர் எழுதிவிட்டார். குழந்தைகளுக்காக எளிமைப்படுத்தினோம் என்று படம் போட்டவர்கள் சொன்னாலும் அது பதிலே அல்ல.

'அழிந்ததெல்லாம் தகுதியில்லாதது' என்று அந்தப் படத்தின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் அதிகம் வலித்தது. எனான்டியோர்னிதீன்கள் என்ற பறவைக் கூட்டம் 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்த காலத்தில்தான் மறைந்தது. நாம் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. அவற்றைத் தகுதியற்றவை என்று சொல்ல நாம் யார்?

படத்தை எடுக்க வேண்டாம். இக்தியோர்னிஸிலிருந்து கன்பூசியசோர்னிஸுக்கு ஏறும் அந்த ஒரு அம்புக்குறியை மட்டும் அழித்துவிடுங்கள். என் மகளின் வகுப்பில் இன்னும் முப்பது பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.